இசமாலில் மூன்று ராத்திரி: மெக்சிகோவின் மஞ்சள் ஊருக்கு ஜோடியாகப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்யாண நாளுக்காகப் பிள்ளைகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, நானும் கணவரும் ஜனவரியில் இசமால் போய்வந்தோம். படங்களைப் பார்த்த தோழிகள், அவர்களுடைய தோழிகள், சென்னையிலிருந்து மாமியார் என ஆளாளுக்கு ஃபோன் போட்டு ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

இசமால் எங்கே இருக்கிறது? பேரே கேள்விப்பட்டதில்லையே?

மெக்சிகோவின் தென்கிழக்கு மூலையில், கரீபியன் கடலுக்கும் மெக்சிகோ வளைகுடாவுக்கும் நடுவே கட்டைவிரல் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதுதான் யுகாத்தான் தீபகற்பம். அதில் யுகாத்தான் என்றே ஒரு மாநிலம், அதற்கு மெரிடா தலைநகர். மெரிடாவிலிருந்து கிழக்கே சுமார் 70 கிலோமீட்டர் போனால் இசமால். இந்தப் பகுதியின் பழங்குடிகளான மாயா மக்கள் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்துவரும் ஊர். இன்றைக்கும் சந்தையில் ஸ்பானிஷுக்குச் சமமாக மாயா மொழி காதில் விழுகிறது. பாரம்பரியம் கெடாமல் இருக்கும் சின்ன ஊர்களுக்கு மெக்சிகோ அரசு 'புவெப்ளோ மாகிகோ', அதாவது மந்திர ஊர், என்று ஒரு பட்டம் கொடுக்கிறது. அந்தத் திட்டம் தொடங்கிய புதிதில், 2002-லேயே இசமாலுக்கு அது கிடைத்துவிட்டது.

கடற்கரைச் சுற்றுலா ஊரான கான்குன் போனால் கடலாவது இருக்கும். இங்கே என்ன இருக்கிறது?

கடல் இல்லை. நீச்சல்குளத்தோடு பெரிய ரிசார்ட்டும் இல்லை. மஞ்சள் பூசிய சுவர்கள், ஒரு பெரிய மடாலயம், வீடுகளுக்கு நடுவே எழுந்து நிற்கும் பிரமிடுகள், ஒரு சந்தை, சாயங்காலமானால் சதுக்கத்தில் வந்து உட்கார்ந்து கதை பேசும் ஜனங்கள். அவ்வளவுதான். "அவ்வளவுதானா?" என்று முகம் சுளிக்கிறவர்கள் தாராளமாகக் கான்குன் போகலாம், தப்பே இல்லை. எங்களுக்கு வேண்டியிருந்தது அட்டவணை இல்லாத நாலு நாள்.

எத்தனை நாள் தேவை? மூன்று மணி நேரத்தில் பார்த்துவிடலாம் என்கிறார்களே?

பார்த்துவிடலாம். பேருந்தில் கூட்டமாக வருகிறவர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள். காலை பதினொன்றுக்கு வந்து இறங்கி, மடாலய வாசலில் படம் எடுத்து, மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு சிச்சென் இட்சா என்ற பழைய மாயா நகரத்தின் இடிபாடுகள் பக்கம் கிளம்பிவிடுவார்கள். ஊரிலேயே மிகச் சூடான, மிக நெரிசலான மூன்று மணி நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

இந்த ஊரின் நேரம் சாயங்காலம் ஐந்துக்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. வெயில் சாயும்போது அந்த மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக மாம்பழ நிறத்துக்கு மாறும். வீடுகளின் கதவுகள் திறக்கும், வாசலுக்கு நாற்காலிகள் வந்துவிடும். அடுத்த நேரம் காலை ஆறரை மணி: தெருக் கூட்டும் சத்தமும் சோள மாவு அரைக்கும் மில்லின் சத்தமும் தவிர வேறெதுவும் கேட்காது. இந்த இரண்டு நேரமும் ராத்தங்குகிறவர்களுக்கு மட்டும்தான். இரண்டு ராத்திரியாவது இருங்கள், மூன்று இருந்தால் இன்னும் நல்லது.

விசா வேண்டுமா?

இந்திய பாஸ்போர்ட் என்றால் பொதுவாக வேண்டும். ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க, கனடிய, பிரிட்டன், ஜப்பான் அல்லது ஷெங்கன் விசா பாஸ்போர்ட்டில் இருந்தாலோ, அந்த நாடுகளில் நிரந்தர வசிப்புரிமை அட்டை இருந்தாலோ சுற்றுலாவுக்குத் தனியாக மெக்சிகோ விசா எடுக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் எச்1பி வேலை விசாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: விசா முத்திரை காலாவதியாகி, கையில் ஐ-797 என்ற அனுமதிக் காகிதம் மட்டும் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. எங்கள் நண்பர் ஒருவர் விமான நிலையம் வரை போய்த் திரும்பி வந்தார். விதிகள் மாறக்கூடியவை என்பதால், டிக்கெட் போடும் முன் மெக்சிகோ தூதரகத்தின் பக்கத்தில் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

எப்படிப் போவது?

நாங்கள் டெக்ஸஸில் இருப்பதால் எளிதாகப் போய்விட்டது. டல்லாஸிலிருந்தும் ஹூஸ்டனிலிருந்தும் மெரிடாவுக்கு நேரடி விமானம் உண்டு. இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு நேர் விமானம் கிடையாது. இஸ்தான்புல் அல்லது ஏதாவது ஐரோப்பிய நகரம் வழியாக மெக்சிகோ சிட்டி வந்து, அங்கிருந்து இரண்டு மணி நேரம் பறந்தால் மெரிடா. அமெரிக்கா வழியாக வந்தால் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா கேட்பார்கள் என்பதை மறக்க வேண்டாம். நம்மூரிலிருந்து இதற்காக மட்டும் இவ்வளவு தூரம் வருவது எனக்கே அதிகமாகத் தோன்றுகிறது. மெக்சிகோ பயணம் ஒன்று போடும்போது அதில் மூன்று நாளை இதற்கு ஒதுக்குங்கள்.

மெரிடாவிலிருந்து பஸ் இருக்கிறது, ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய ஆகும். 2023 டிசம்பரில் ஓடத் தொடங்கிய 'ட்ரென் மாயா' ரயிலுக்கும் இசமாலில் நிறுத்தம் உண்டு. ஆனால் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது, இறங்கியதும் ஒரு வண்டி பிடிக்க வேண்டும்.

கான்குனிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். கான்குன் இருக்கும் மாநிலமும் யுகாத்தானும் வேறு வேறு நேர மண்டலம். எல்லை தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். போகும்போது ஒரு மணி நேரம் லாபம், திரும்பும்போது அதே ஒரு மணி நேரத்தில் விமானத்தைத் தவறவிடலாம்.

கார் எடுக்கலாமா?

எடுக்கலாம், சாலைகள் நன்றாக இருக்கின்றன. மெரிடாவிலிருந்து 180-ஆம் எண் சாலையில் கிழக்கே வந்து, ஹோக்துன் என்ற ஊரில் இடப்பக்கம் திரும்பினால் போதும். ஆனால் நான் பட்ட கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் ஒரு நாளைக்கு எட்டு டாலர் என்று பார்த்து, அடடா என்று பதிவு செய்தோம். கவுன்ட்டரில் போய் நின்றால், "மூன்றாம் நபர் காப்பீடு இந்த நாட்டில் கட்டாயம், அது இந்த விலையில் சேரவில்லை" என்றார்கள். அது சேர்ந்ததும் தொகை நாலு மடங்கானது. கட்டாயம் என்று சொன்னது பொய்யில்லை, சட்டம் அப்படித்தான். முன்னாலேயே சொல்லாததுதான் எரிச்சல். அதனால் பதிவு செய்யும்போதே எல்லாக் காப்பீடும் சேர்ந்த விலையைப் பாருங்கள்.

இன்னொரு எதிரி 'டோபே'. வேகத்தடைதான். நம்மூர் வேகத்தடை எல்லாம் இதன் முன்னால் குழந்தை. ஒவ்வொரு கிராமத்தின் நுழைவிலும் முடிவிலும் இருக்கும். பாதிக்கு மேல் வர்ணமும் இல்லை, பலகையும் இல்லை. இருட்டின பிறகு கிராமச் சாலையில் ஓட்டாதீர்கள் என்று நான் சொல்வதற்குத் திருடன் காரணமில்லை, டோபேதான் காரணம்.

எந்த மாதம் நல்லது?

நவம்பர் முதல் மார்ச் ஆரம்பம் வரை. ஜனவரியில் பகலில் சென்னையின் மார்கழி மாதிரி இதமாக இருந்தது, ராத்திரி ஒரு சால்வை தேவைப்பட்டது. ஏப்ரல், மே இரண்டும் அக்னி நட்சத்திரம். 40 டிகிரி தொடும். ஜூன் முதல் அக்டோபர் வரை பிற்பகல் மழை, கூடவே புயல் பருவம்.

அக்டோபர் கடைசியில் போகிறவர்களுக்கு வேறொன்று கிடைக்கும். இறந்தவர்கள் வீடு தேடி வருவதாக நம்பும் நாட்களை இங்கே 'ஹனால் பிஷான்' என்பார்கள். மாயா மொழியில் ஆன்மாக்களின் சாப்பாடு என்று பொருள். அக்டோபர் 31 முதல் நவம்பர் 2 வரை. வீட்டில் மேசை போட்டு, படம் வைத்து, போனவர்களுக்குப் பிடித்ததைச் செய்து படைப்பார்கள். மாமியாரிடம் இதைச் சொன்னபோது, "நம்ம வீட்டுப் படையல்தானே இது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ஊர் ஏன் மஞ்சளாக இருக்கிறது?

1993 ஆகஸ்டில் போப் இரண்டாம் ஜான் பால் இங்கே வந்தார். அமெரிக்கக் கண்டத்தின் பழங்குடி மக்களைச் சந்திக்க அவர் தேர்ந்தெடுத்த ஊர் இது. அவருக்காகத்தான் ஊர் முழுக்க மஞ்சள் அடித்தார்கள் என்று ஒரு கதை. அதற்கு முன்பே மஞ்சள்தான், அப்போது புதுப்பித்தார்கள் என்று இன்னொரு கதை. சோளத்தின் நிறம், சூரியக் கடவுளின் நிறம் என்று மூன்றாவது கதையும் சொல்வார்கள். ஒரே வண்டிக்காரர் இரண்டு கதைகளை அடுத்தடுத்து எங்களிடம் சொன்னார். எது நிஜமோ, அரசு அலுவலகம், மளிகைக் கடை, பெட்ரோல் பங்குச் சுவர் எல்லாம் ஒரே மஞ்சள், ஓரத்தில் வெள்ளைக் கரை. மஞ்சள் புடவைக்கு வெள்ளை பார்டர் வைத்த மாதிரி. அந்த மஞ்சளில் எந்த ஆடையும் எடுப்பாகத் தெரியும், மஞ்சள் ஆடையைத் தவிர. நான் மஞ்சள் குர்தாதான் எடுத்துப் போயிருந்தேன்.

அந்தப் பெரிய மடாலயத்தில் அப்படி என்ன விசேஷம்?

கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பானியர்கள் வருவதற்கு முன் இந்த இடத்தில் ஒரு பெரிய மாயா பிரமிடு இருந்தது; பாப்-ஹோல்-சாக் என்று பெயர். பிரான்சிஸ்கன் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவிகள் அதன் மேல்பகுதியை இடித்துச் சமன்படுத்தி, அதே மேடையில், அதே கற்களைக் கொண்டு மடாலயத்தைக் கட்டினார்கள். 1561-ல் கட்டி முடிந்தது. ஊர்ச் சதுக்கத்திலிருந்து சரிவுப் பாதையில் ஏறித்தான் உள்ளே போக வேண்டும். அந்த ஏற்றம் முழுவதும் பழைய பிரமிட்டின் உடம்பு. மேலே போனால் 75 வளைவுகள் சூழ்ந்த முற்றம், சுமார் 7,800 சதுர மீட்டர். வாடிகனின் புனித பேதுரு சதுக்கத்துக்கு அடுத்தபடி உலகிலேயே பெரியது இதுதான் என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். அளந்து பார்க்க என்னிடம் டேப் இல்லை. ஆனால் நடுவில் நின்றால் தன் செருப்புச் சத்தமே தனக்குக் கேட்கும் அளவுக்கு வெட்டவெளி.

சுவர்களைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பூச்சு இல்லாத இடங்களில் சில கற்களில் கட்டம் கட்டமாக, நம் கோலத்தில் வரும் சிக்குப் போல வளைந்து திரும்பும் கோடுகள் செதுக்கியிருக்கும். அவை கோவில் கற்கள். திருப்பி வைத்துக் கட்டியிருக்கலாம், யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். ஏனோ முகப்பு தெரியும்படியே வைத்திருக்கிறார்கள். கட்டிய கைகளும் மாயா கைகள்தானே என்று கணவர் சொன்னார்.

இந்த மடாலயத்தின் தலைவராக இருந்தவர்களில் ஒருவர் தியேகோ தெ லாந்தா. 1562 ஜூலையில் மானி என்ற ஊரில் மாயா மக்களின் சுவடிகளையும் ஆயிரக்கணக்கான சிலைகளையும் குவித்துத் தீ வைத்தவர். மாயா சுவடிகளில் இன்றைக்கு உலகில் மிஞ்சியிருப்பவை நான்கே நான்கு. அதே மனிதர்தான் பின்னால் ஸ்பெயினில் உட்கார்ந்து மாயா மக்களின் நாட்காட்டி, சடங்கு, எழுத்து எல்லாவற்றையும் விவரமாக எழுதி வைத்தார். அவர் குறித்து வைத்த எழுத்துப் பட்டியலைத் துப்பாக வைத்து, 1952-ல் யூரி க்னோரசோவ் என்ற சோவியத் அறிஞர் மாயா எழுத்தைப் படிக்கும் வழியைத் திறந்தார். எரித்தவர் எழுதியதை வைத்தே எரியாமல் மிஞ்சியதைப் படிக்க வேண்டியிருக்கிறது. லாந்தாவின் சிலை ஊரில் ஒரு சின்னச் சதுக்கத்தில் நிற்கிறது. அதைத் திட்டிக்கொண்டே கடக்கும் உள்ளூர்க்காரர்களும் உண்டு.

உள்ளே இருக்கும் இசமால் மாதாவுக்கு டிசம்பர் 8-ல் திருவிழா. பட்டுப்பாவாடை கட்டிய அம்மன் மாதிரி அலங்காரம். மாதாவுக்குச் சில நாட்களில் உடுப்பு மாற்றுவார்கள் என்று அங்கிருந்த அம்மா சொன்னார். தோள் மூடின உடையில் போங்கள், கோவிலுக்குப் போவது மாதிரி நினைத்துக்கொண்டால் போதும்.

பிரமிட் மேல் ஏற விடுவார்களா?

விடுவார்கள்! சிச்சென் இட்சாவில் படியில் கால் வைக்க முடியாது, இங்கே முடியும். கினிச் கக்மோ என்று பெயர், சூரிய முகம் கொண்ட நெருப்புப் பஞ்சவர்ணக்கிளி என்று பொருள். சுமார் 35 மீட்டர் உயரம், அடிப்பாகம் ஒரு பக்கம் 200 மீட்டர். வாசல் எங்கே தெரியுமா? ஒரு வீட்டுக்கும் தையல்கடைக்கும் நடுவில் இருக்கிற சந்து மாதிரி ஒரு வழி. முதலில் ஒரு பெரிய மேடை ஏற வேண்டும், "இதுதான் பிரமிடா" என்று ஏமாறுவோம். மேடையின் பின்பக்கம் நடந்தால் உண்மையான பிரமிடு அங்கே நிற்கும்.

படிகள் கரடுமுரடு, கைப்பிடி இல்லை. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். காலையில் சீக்கிரம் போங்கள். மேலே நின்றால் நாலு பக்கமும் பச்சைக் காடு, மலை என்று ஒன்று கண்ணுக்கு எட்டிய வரை கிடையாது, நடுவில் மடாலயத்தின் மஞ்சள். நாங்கள் ஏறியபோது மேலே எங்களைத் தவிர ஓர் ஓணான்தான் இருந்தது. ஓணான் என்றால் நம்மூர் ஓணான் இல்லை. முழங்கை நீளம் இருக்கும் இகுவானா.

மத்தியானம் என்ன செய்வது?

தூங்குங்கள்.

சும்மா சொல்லவில்லை. பன்னிரண்டிலிருந்து நாலு வரை உள்ளூர்க்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள். யுகாத்தானில் வீட்டுச் சுவர்களிலேயே ஹமாக்கா மாட்டக் கொக்கி பதித்திருப்பார்கள். ஹமாக்கா என்றால் பெரியவர்களுக்கான தூளி. கட்டில் இல்லாத வீடு உண்டு, தூளி இல்லாத வீடு இல்லை. வாழைப்பழம் மாதிரி நீளவாக்கில் படுத்தால் முதுகு போய்விடும். குறுக்குச் சாய்வாகப் படுக்க வேண்டும், அப்போது துணி விரிந்து உடம்பு மட்டமாகக் கிடக்கும். எங்கள் விடுதிக்காரம்மா இதைப் படுத்தே காட்டினார். தூளியின் அளவுகளில் ஒன்றுக்குப் பெயர் 'மத்ரிமோனியால்', தம்பதி அளவு. இரண்டு பேர் படுக்கலாம் என்கிறார்கள். முதல் நாள் இருவரும் ஏறி, நடுவில் உருண்டு, ஒருவர் முழங்கை மற்றவர் விலாவில். மூன்றாம் நாள்தான் எதிரெதிராகத் தலை வைத்துப் படுக்கும் வித்தை பிடிபட்டது.

சாப்பாடு எப்படி? காரம் இருக்குமா?

யுகாத்தான் சமையல் மெக்சிகோவின் மற்ற பகுதிச் சமையலிலிருந்து தனி. அச்சியோட்டே என்ற செங்காவி நிற விதையை அரைத்த மசாலா, நம் நார்த்தங்காய்க்கு ஒன்றுவிட்ட சொந்தம் மாதிரி இருக்கும் புளிப்பு ஆரஞ்சு, வாழையிலை. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் 'கொச்சினீத்தா பிபில்'. மசாலா தடவிய பன்றி இறைச்சியை வாழையிலையில் கட்டி, மண்ணில் குழி தோண்டி, சூடான கற்களுக்கு நடுவே ராத்திரி முழுக்க வேகவிடுவார்கள். 'பிப்' என்றால் மாயாவில் அந்தக் குழி. காலை உணவாகத்தான் சாப்பிடுவார்கள். ஞாயிறு காலை ஒன்பதரைக்குச் சந்தைக்குப் போனால் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். எட்டு மணிக்குள் போங்கள். கட்டைத் திறக்கும்போது வரும் அந்த வெந்த வாழையிலை வாசனையில் எனக்கு ஊர் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. வெங்காயம்தான் காரணம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பன்றி வேண்டாம் என்றால் 'சோப்பா தெ லீமா' கேளுங்கள்: கோழி ரசத்தில் எலுமிச்சை மாதிரி ஒரு பழத்தைப் பிழிந்து, வறுத்த சோள ரொட்டித் துண்டுகளைப் போட்டது. ஜலதோஷத்துக்கு மருந்து.

காரத்தைப் பற்றி: சாப்பாட்டில் காரம் இருக்காது, பக்கத்தில் கிண்ணத்தில் இருக்கும். அந்தக் கிண்ணத்துக்கு 'ஷ்னிபெக்' என்று பெயர், மாயாவில் நாயின் மூக்கு. சாப்பிட்டால் மூக்கு நாய் மூக்கு மாதிரி ஈரமாகிவிடும் என்பதால். ஹபனேரோ மிளகாய். "நாங்கள் ஆந்திரா ஊறுகாயே சாப்பிடுகிறவர்கள்" என்று ஒரு ஸ்பூன் எடுத்தவர் யார் என்று சொல்ல மாட்டேன், வீட்டில் பிரச்சினை வரும்.

சாயங்காலம் சதுக்கத்தில் தள்ளுவண்டியில் 'மார்க்கெசீத்தா'. மெல்லிய மாவை இரும்பு அச்சில் வார்த்து, உள்ளே டச்சுப் பாலாடைக்கட்டியைத் துருவிப் போட்டு, கேரமலோ சாக்லேட்டோ தடவி, சூட்டோடு சுருட்டிக் கொடுப்பார்கள். மொறுமொறுவென்று ஒரு பக்கம் உப்பு, ஒரு பக்கம் இனிப்பு. தினம் ஒன்று சாப்பிட்டோம்.

நாங்கள் சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டும். 'ஸிக்கில் பாக்' என்பது வறுத்த பூசணி விதையும் சுட்ட தக்காளியும் அரைத்த துவையல். சோள சிப்ஸோடு கொடுப்பார்கள்; சுத்த சைவம். கொஞ்சம் உப்பும் மிளகாயும் கூட்டினால் சாதத்துக்கே போட்டுக்கொள்ளலாம். முட்டை சாப்பிடுகிறவர்களுக்குப் 'பாப்பட்சூல்': அவித்த முட்டையைச் சோள ரொட்டியில் சுருட்டி, மேலே பூசணி விதைக் குழம்பு. நம்மூர் வீட்டுத்தோட்டக்காரர்கள் சாயாமான்சா என்று வளர்க்கிறார்களே, அந்த சாயா கீரையின் பூர்வீகம் இங்கேதான். அன்னாசியோடு அரைத்து ஜூஸாகக் கொடுப்பார்கள். வீட்டில் பச்சையாகச் சாப்பிட முயற்சி செய்யாதீர்கள், வேகவைத்தே உண்ண வேண்டிய கீரை அது.

உஷாராக இருக்க வேண்டியது கருப்பு பீன்ஸ். பார்க்க சைவம், பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில் தாளித்திருப்பார்கள். "சின் மந்தேக்கா" என்றால் கொழுப்பு இல்லாமல். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கோழியைப் போட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள், அது அவர்கள் கணக்கில் இறைச்சி இல்லை.

பழக்கடையில் ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். சப்போட்டா! அதன் சொந்த ஊரே இந்தப் பக்கம்தான். ஆஸ்டெக் மக்களின் நாவாட் மொழியில் 'ட்சாப்போட்ல்', ஸ்பானியர் வாயில் 'சப்போத்தே', நம் வாயில் சப்போட்டா. அதே மரத்தின் பாலிலிருந்துதான் ஒரு காலத்தில் சூயிங்கம் செய்தார்கள். சப்போட்டா என்று சொல்லிக் காட்டியதும் கடைக்காரம்மா தலையாட்டிவிட்டு எடை போட்டார். என் ஸ்பானிஷ் வாழ்க்கையின் ஒரே வெற்றி.

ஸ்பானிஷ் தெரியாதே?

ஃபோனில் மொழிபெயர்ப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், போதும். ஆனால் கடைக்குள் நுழைந்தால் முதலில் "புவெனோஸ் தியாஸ்", அதாவது காலை வணக்கம், சொல்ல வேண்டும், நேரடியாக விலை கேட்பது மரியாதைக் குறைவு. உணவகத்தில் பக்கத்து மேசையைக் கடந்து போகும்போது முன்பின் தெரியாதவர்களிடமும் "ப்ரோவெச்சோ" என்பார்கள். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். மாயாவில் நன்றிக்கு "தியோஸ் போத்திக்". இதைச் சொன்னதும் சந்தையில் ஒரு பாட்டி சிரித்தார் பாருங்கள், ஒரு பழம் கூடுதலாக வந்தது.

மெக்சிகோ என்றாலே பயமாக இருக்கிறதே, பாதுகாப்பா?

மாமியாரின் முதல் கேள்வியே இதுதான். மெக்சிகோ பெரிய நாடு. ஒரு மாநிலத்தின் செய்தியை இன்னொன்றுக்கு ஒட்ட முடியாது. கொலைக் குற்றம் மிகக் குறைவான மெக்சிகோ மாநிலங்களில் யுகாத்தான் ஒன்று. அமெரிக்க அரசின் பயண அறிவுரையிலும் பல ஆண்டுகளாக மிகத் தாழ்ந்த எச்சரிக்கை நிலையில்தான் வைத்திருக்கிறார்கள். ராத்திரி பத்தரைக்குச் சதுக்கத்திலிருந்து விடுதிக்கு நடந்தே வந்தோம். எங்களைத் துரத்தியது ஒரு குட்டி நாய், அதுவும் மார்க்கெசீத்தாவுக்காக.

குதிரை வண்டி ஏறலாமா?

இங்கே அதற்கு 'விக்டோரியா' என்று பெயர். பூ வைத்த தொப்பி போட்ட குதிரைகள். கிளம்பும் முன் விலையையும் நேரத்தையும் பேசிவிடுங்கள். மத்தியான வெயிலில் அந்தக் குதிரைகள் தார்ச்சாலையில் நிற்பதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு சுற்று போனோம்.

சிச்சென் இட்சா, செனோட்டே எல்லாம் பக்கமா?

சிச்சென் இட்சா காரில் ஒரு மணி நேரம். காலை எட்டு மணிக்குத் திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள், பத்தரைக்கு கான்குன் பேருந்துகள் வந்துவிடும். வெளிநாட்டவருக்கு நுழைவு ஒருவருக்கு 600 பெசோவுக்கு மேல். மாநிலத்துக்கு ஒன்று, மத்திய அரசுக்கு ஒன்று என்று இரண்டு டிக்கெட் கிழிப்பார்கள்.

யுகாத்தான் வடக்கில் தரை மேல் ஓடும் ஆறே கிடையாது. பூமி முழுக்கச் சுண்ணாம்புக்கல், மழைத்தண்ணீர் உடனே கீழே இறங்கி நிலத்தடி ஆறாக ஓடும். கூரை இடிந்து அந்தத் தண்ணீர் தெரியும் இடம்தான் செனோட்டே. கிணறும் குகையும் குளமும் ஒன்றாகக் கலந்த மாதிரி. இறங்கும் முன் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். சன்ஸ்கிரீன் பூசியிருந்தால் விட மாட்டார்கள். நீச்சல் தெரியாவிட்டால் மிதவை அங்கி தருவார்கள். எனக்கு நீச்சல் தெரியாது, ஒரு மணி நேரம் மிதந்தேன்.

ஒரு நாள் இதற்குப் போதும். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிட்டு, மறுநாள் எங்கேயும் போகாமல் இருங்கள்.

பொது இடத்தில் கைகோர்த்து நடந்தால் ஏதாவது சொல்வார்களா?

யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். சதுக்கத்தில் எழுபது வயதுத் தம்பதிகள் தோளில் கை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். யுகாத்தானின் பூங்காக்களில், குறிப்பாக மெரிடாவில், ஆங்கில 'எஸ்' எழுத்து மாதிரி வளைந்த வெள்ளைச் சிமெண்ட் இருக்கைகள் உண்டு. 'கொன்ஃபிதென்தே', ரகசியம் பேசும் இருக்கை. பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம், ஆனால் ஆளுக்கொரு திசை. முகம் நேருக்கு நேர் வரும். தோள் உரசாமல் பேச மட்டும் விட்ட பழைய காலத்து ஏற்பாடு என்று சொல்வார்கள். பல வருஷமாகப் பள்ளிக் கட்டணம், கார் சர்வீஸ் தவிர வேறெதுவும் பேசாத நாங்கள் அதில் ஒன்றில் உட்கார்ந்து முதல் ஐந்து நிமிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் முழித்தோம். அப்புறம் எழுந்திருக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

பணம், தண்ணீர், கொசு, பிளக்?

சந்தையிலும் தள்ளுவண்டியிலும் ரொக்கம்தான். மெரிடாவிலேயே ஏடிஎம்மில் எடுத்துவிடுங்கள். உணவகத்தில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் டிப்ஸ். குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம். கொசு உண்டு, நம்மூர் ஓடோமாஸ் அதற்கும் பிடிக்கவில்லை. மின்சாரம் 127 வோல்ட், அமெரிக்க மாதிரி தட்டைப் பிளக். ஃபோன் சார்ஜர் வேலை செய்யும், இந்தியாவிலிருந்து கொண்டுவரும் முடி உலர்த்தி வேலை செய்யாது.

என்ன வாங்கி வரலாம்?

தூளிதான், வேறென்ன. பருத்தியா நைலானா என்று கேட்டு வாங்குங்கள். நெசவு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு சுகம். இன்னொன்று எனெக்கேன் நாரில் செய்த பைகள். நம் ரயில் கற்றாழையின் பங்காளி அந்தச் செடி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகமே கயிற்றுக்கு இந்த நாரை வாங்கியதால் யுகாத்தானில் பெரும் பணம் புரண்டது; வெட்டிய மாயா கூலிகளுக்குக் கடன்தான் மிஞ்சியது.

எங்கள் தூளி இப்போது பால்கனியில் தொங்குகிறது. வாங்கியது தம்பதி அளவு. சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் போய்ப் பார்த்தால் இரண்டு பிள்ளைகளும் அதில் குறுக்கே படுத்துக்கொண்டு, "நீங்க நேரா படுங்க, உங்களுக்குத்தான் கட்டில் இருக்கே" என்கிறார்கள்.